ஓய்வுபெற்ற றக்பி வீரர் ஒருவரைப் பேச்சாளராக மட்டக்களப்புக்கு அழைப்பது எப்படி?

வாவிக்கரை (கேள்வி)

வணக்கம். மட்டக்களப்பு நகரில் உள்ள எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற றக்பி வீரர் ஒருவரைப் பேச அழைக்கலாம் என்று செயற்குழுவில் தீர்மானித்திருக்கிறோம். 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள் 250 பேரளவில் வருவார்கள், பெற்றோரும் கொஞ்சப் பேர். கிரிக்கெட், உதைபந்தாட்டம், கூடைப்பந்து பற்றிக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பழகிவிட்டது. றக்பியை டிவியில் கண்டதோடு சரி. புது ஆட்டத்திலிருந்து ஒருவர் வந்து கதைத்தால் காது கொடுப்பார்கள் என்பது எங்கள் எண்ணம்.

ஆளை எங்கே தேடுவது, யாரைத் தெரிவு செய்வது? அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன செய்வது? கட்டணம் போக வேறென்ன செலவு வரும்? நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் 3 மணி என்று யோசித்திருக்கிறோம், மண்டபம் இன்னும் பதியவில்லை. பேச்சு முடிந்ததும் மைதானத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்சம் விளையாடிக் காட்டச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

படுவான்கரை

திகதியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். நவம்பர் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. வெள்ளம் ஏறினால் தெருவும் போகும், ரயிலும் நிற்கும். பேச்சாளர் வெலிக்கந்தையிலோ மகாஓயாவிலோ நிற்க, 250 பிள்ளைகள் மண்டபத்தில் காத்திருப்பார்கள். பெப்ரவரி கடைசியிலிருந்து சித்திரைப் புத்தாண்டுக்கு முன்வரை நல்ல காலம். ஆனால் அதே காலத்தில்தான் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும், நோன்பு மாதமும் அதற்குள் வரக்கூடும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகளையும் கூப்பிடுவதென்றால் கலண்டரைப் பார்த்து நோன்பைத் தவிருங்கள். நோன்பு பிடித்த பிள்ளையை வெயிலில் ஓடவிட ஏலாது. ஜூன், ஜூலையில் வைத்தால் கச்சான் காற்று அடிக்கும். மண்டபத்துக்குப் பிரச்சினை இல்லை, மைதானத்தில் மட்டும் நாலரைக்கு முன் இறங்க வேண்டாம். சனிக்கிழமை என்றால் டியூட்டரிக்காரர்களோடும் ஒரு வார்த்தை கதைத்து வையுங்கள்.

இனி ஆள். இலங்கையில் றக்பி பெரும்பாலும் கொழும்பையும் கண்டியையும் சுற்றியே நடக்கிறது. கண்டி விளையாட்டுக் கழகம், சீ.ஆர். அன்ட் எஃப்.சி., சீ.எச். அன்ட் எஃப்.சி., ஹெவ்லொக் ஆகியவை ஒரு பக்கம். பொலிஸ், தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள் மறுபக்கம். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். படை அணிகளிலும் பொலிஸிலும் ஆடியவர் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றிருப்பார், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றிருக்க மாட்டார். அப்படியானவர் வெளி மேடையில் பேசுவதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். காசு வாங்கலாமா என்பதையும் அங்கேதான் கேட்க வேண்டும். அந்த அனுமதிக்கு ஒன்றரை மாதமாவது விட்டு வையுங்கள். வரும்போது சீருடை வேண்டாம், கழக பிளேசர் போதும் என்று முதற்கடிதத்திலேயே மரியாதையாக எழுதிவிடுங்கள். எங்கள் ஊரில் அது முக்கியம் என்பதை அவர்களும் விளங்கிக்கொள்வார்கள்.

ஃபேஸ்புக்கில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காமல் கழகச் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். அந்த வீரர் படித்த பாடசாலையின் றக்பிப் பழைய மாணவர் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினால் பதில் கெதியாக வரும். கடிதத்தில் ஆறு விஷயம் இருந்தால் போதும்: திகதி, இடம், கேட்கிறவர்களின் வயதும் எண்ணிக்கையும், எத்தனை நிமிடப் பேச்சு, எந்த மொழி, கட்டணமும் பயணச் செலவும் தருவீர்களா என்பது. கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டால் மூன்று கிழமை வீணாகும். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்களும் கூச்சப்படுவீர்கள்.

பெயருக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். கொழும்பில் பெயர் பெற்ற வீரர் தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இங்கே பிள்ளைகளுக்கு எந்த றக்பி வீரரின் பெயரும் தெரியாது. ஆகவே பேசத் தெரிந்தவரைத் தேடுங்கள். ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து ஆளை எடை போட முடியாது, அவர் எங்காவது பத்து நிமிடம் பேசிய வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். பிறகு போனில் இருபது நிமிடம் கதையுங்கள். வருகிற பிள்ளைகள் யார், என்ன படிக்கிறார்கள், என்ன விளையாடுகிறார்கள் என்று அவராகக் கேட்டால் அது நல்ல அறிகுறி. அவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ஆட்டத்தை விட்ட பிறகு வந்த முதல் வருடம் எப்படிப் போனது? உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 20 வயதோடு விளையாட்டை விடப்போகிறவர்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடியவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

1995 றக்பி உலகக் கிண்ண இறுதியாட்டக் கதையைப் பல பேச்சாளர்கள் கையில் வைத்திருப்பார்கள். எல்லிஸ் பார்க் மைதானம், மேலதிக நேரத்தில் தென்னாபிரிக்கா 15–12 என்று நியூசிலாந்தை வென்றது, மண்டேலா தென்னாபிரிக்க அணித்தலைவரின் 6ஆம் இலக்கச் சட்டையோடு வந்தது. அருமையான கதைதான், ஆனால் அதை யாரும் சொல்லலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிச்ச நேரத்தில் அவர் சொந்தமாக அறிந்ததைச் சொல்லட்டும்.

இரு மொழி

மொழி பற்றி நான் எழுதுகிறேன், பெரும்பாலான விழாக்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

றக்பி ஆடியவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் இருக்கிறார்கள், அவர்களில் தமிழ் கதைக்கிறவர்களும் உண்டு. முதலில் அவர்களுக்குள் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அப்போது நேரக் கணக்கே மாறிவிடும். அவர் இரண்டு மூன்று வசனம் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல, 20 நிமிடப் பேச்சு 40 நிமிடமாகும். பேச்சாளரிடம் “45 நிமிடம்” என்று சொல்லிவிட்டால் அவர் 45 நிமிடத்துக்குத் தயாரித்து வருவார், மேடையில் அது ஒன்றரை மணித்தியாலம் ஓடும். ஆகவே “உங்கள் வாயால் 20 நிமிடம்” என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் றக்பிச் சொற்கள் தெரியாவிட்டால் கவிழ்த்துவிடுவார். மூன்று இடத்தில் கட்டாயம் பிழை வரும். ஒன்று, ட்ரை. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, பந்தைக் கையால் நிலத்தில் அழுத்தி 5 புள்ளி எடுப்பதற்குப் பெயர் ட்ரை. அதை “முயற்சி” என்று மாற்றினால் “இறுதியாட்டத்தில் மூன்று முயற்சி செய்தேன்” என்றாகி, மூன்று தரமும் தோற்ற மாதிரிக் கேட்கும். இரண்டு, கெப். 20 கெப் என்றால் நாட்டுக்காக 20 ஆட்டம் ஆடியவர் என்று அர்த்தம், 20 தொப்பி அல்ல. மூன்று, 2ஆம் இலக்க வீரரின் ஆட்ட நிலைக்கு இருக்கும் ஹூக்கர் என்ற பெயர். ஆங்கிலத்தில் அதற்குக் கூடாத அர்த்தமும் உண்டு, பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்த ஏலாது. “ஸ்க்ரமின் முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர்” என்று விளக்கமாகவே சொல்லட்டும் (ஸ்க்ரம் என்பது இரு அணியும் தோள் கோத்துக் குனிந்து எதிரெதிரே தள்ளுவது).

இவற்றோடு ட்ரைக்குப் பிறகு கோலுக்கு உதைக்கும் கன்வெர்ஷன் 2 புள்ளி, பெனால்டி உதை 3, பந்தை நிலத்தில் விழவிட்டு எம்பும்போது உதைக்கும் ட்ரொப் கோல் 3, அணிக்கு 15 பேர், ஸ்க்ரமில் பக்கத்துக்கு 8 பேர், 40 நிமிடப் பாதி இரண்டு, பந்து கையிலிருந்து முன்னால் தவறினால் நொக் ஒன் என்று ஒரு தாள் எழுதி, ஒரு கிழமைக்கு முன் மொழிபெயர்ப்பாளர் கையிலும் அறிவிப்பாளர் கையிலும் கொடுங்கள். விழா நாள் காலை பேச்சாளரையும் மொழிபெயர்ப்பாளரையும் அரை மணித்தியாலம் ஒன்றாக இருத்திவிடுங்கள். பேச்சாளரின் வேகமும் உச்சரிப்பும் காதுக்குப் பிடிபட அவ்வளவு நேரம் வேண்டும்.

மேடையில் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி மைக், கையில் கொப்பி, பேச்சாளருக்குப் பக்கத்தில் ஒரு கை நீளத்தில் இடம். “அவர் என்ன சொல்கிறார் என்றால்” என்று தொடங்கக் கூடாது, “நான்” என்றே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளரை மறந்துவிட்டுப் பேச்சாளரின் முகத்தையே பார்ப்பார்கள்.

பேச்சு முடிந்து கேள்வி நேரத்தில் மைக்கைப் பிள்ளைகளிடம் நீட்டினால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். வாசலிலேயே துண்டும் பேனையும் கொடுத்து எழுத வையுங்கள். பேச்சின் நடுவில் சேகரித்து எட்டுக் கேள்வியைப் பொறுக்கி எடுங்கள். மொழிபெயர்ப்போடு சேர்த்து 20 நிமிடத்துக்கு அது சரியாக வரும்.

செங்கலடிச் சந்தி

செலவைப் பற்றி. பேச்சுக் கட்டணம் என்பது ஒரு வரிதான். கீழே எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள்: வாகனம், எரிபொருள், சாரதிச் சம்பளம், சாரதிக்கும் சேர்த்து இரண்டு அறை, மூன்று நேரச் சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர், ஒலிபெருக்கி, மண்டபம், நினைவுப் பரிசு. முழுவதையும் கூட்டிப் பார்த்த பிறகே கட்டணம் பேசுங்கள்.

ஒரு மாதத்தில் ஒருவருக்குச் சேவைக் கட்டணமாக 100,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தால் 5 வீதம் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அவர் சொல்லும் தொகை வரி கழிக்க முன்னதா, கழித்த பின்னதா என்று எழுத்தில் எடுங்கள். 120,000 என்று பேசிவிட்டு 114,000 கையில் கொடுக்கும்போதுதான் முகம் மாறும். ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். பாதி முற்பணம் கையொப்பமிடும்போது, மிச்சம் விழாவுக்கு முதல் நாள் வங்கியில். விழா முடிந்து ஆட்கள் கதிரை அடுக்கும் நேரத்தில் பொருளாளரைத் தேடி விருந்தாளி நிற்கும் நிலை வரக் கூடாது. மழை வெள்ளத்தால் தள்ளிப்போனால் மாற்றுத் திகதி எது, ஏழு நாளுக்குள் ஒரு பக்கம் விலகினால் முற்பணம் யாருக்கு, பேச்சை நேரலை போடலாமா, இந்த மூன்றையும் அதில் சேருங்கள்.

அனுசரணை தேடும்போது ஒரு கவனம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மது, புகையிலை விளம்பரத்துக்கும் அனுசரணைக்கும் தடை. பிள்ளைகள் கூட்டம் வேறு, அந்தப் பக்கமே போக வேண்டாம். மேடையில் அரசியல்வாதிகள் இருப்பார்கள் என்றால் பட்டியலைப் பேச்சாளருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள்.

பயணம். கண்டியிலிருந்து மகியங்கனை, பதியத்தலாவை, மகாஓயா, செங்கலடி என்று வரும் பாதை. மகியங்கனைக்கு முன் ‘பதினெட்டு வளைவு’ என்று சொல்லும் மலைப்பாதை. முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்தவர், முதுகு நோவுள்ளவர் என்றால் முன் ஆசனமும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறங்கி நடக்க நேரமும் கொடுக்க வேண்டும். ஸ்க்ரமில் பல வருடம் தோள் கொடுத்தவர்களுக்குக் கழுத்தும் தோளும் பழுதாகி இருப்பது சாதாரணம், கேட்டறிவதில் பிழை இல்லை. மகாஓயாப் பக்கம் இரவில் யானை தெருவுக்கு வரும், பொழுது பட முன் அதைக் கடந்துவிட வேண்டும். ஆகவே முதல் நாள் காலையிலேயே புறப்பட்டு, விழா அன்று இரவும் இங்கேயே தங்கட்டும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து அன்றே மேடை ஏறுவது ஆகாது, தூங்காத ஆளிடம் நல்ல பேச்சை எதிர்பார்க்க முடியாது.

வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. திகதியை மார்ச்சுக்கு மாற்றக் குழுவிடம் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வழமையான நிகழ்ச்சி நிரலில் இவரை எங்கே வைப்பது? பிரதம அதிதியாகவும் இவரையே போட்டுவிடலாமா? மைதான விஷயத்துக்கும் யாராவது பதில் தாருங்கள்.

படுவான்கரை

பிரதம அதிதி வேறு, பேச்சாளர் வேறு. ஒருவரையே இரண்டுமாகப் போட்டால் அவர் மாலை போட்டு, விளக்கேற்றி, பரிசில் கொடுத்து, படத்துக்கு நின்று களைத்துப்போவார். பேச்சு கடைசி அம்சமாகிவிடும். எங்கள் விழாக்களின் வரிசை தெரியும்தானே: மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, அதிதிகள் உரை, பொன்னாடை. இவ்வளவும் முடிய ஐந்து மணி. பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தகப்பன்மார் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய வீரர் எழும்பினாலும் முதுகுகளைப் பார்த்துத்தான் பேசுவார்.

3 மணிக்கு விளக்கு, இறைவணக்கம், ஐந்து நிமிட வரவேற்புரை. 3.20க்குப் பேச்சாளர். 4.20க்குள் பேச்சும் கேள்வியும் முடியும். மற்றவை பிறகு வரட்டும். அதிதிகளுக்கு மனக்குறை வராமல் இருக்க, இந்த வரிசையை அழைப்பிதழிலேயே அச்சிட்டு, நேரில் கொடுக்கும்போது காரணத்தையும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

அறிமுகவுரை ஒன்றரை நிமிடம். அதைப் பேச்சாளருக்கு அனுப்பித் திருத்தி வாங்குங்கள். தேசிய அணி, கழக அணி, பாடசாலை அணி மூன்றையும் நம் அறிவிப்பாளர்கள் குழப்பிவிடுவார்கள். பிராட்பி கேடயம் 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையில் நடக்கும் பாடசாலை ஆட்டம். அதில் ஆடியவரைத் “தேசிய வீரர்” என்று அறிவித்தால் அவருக்குத்தான் சங்கடம்.

ஒலி: கொலர் மைக்கை நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள், புது பற்றரி போடுங்கள், மைக்குக்கு நுரை உறை வேண்டும். மண்டபத்து மின்விசிறிக் காற்று அதில் பட்டால் இரைச்சல்தான் கேட்கும். நடந்து பேசும் ஆள் என்றால் ஒலிபெருக்கிப் பெட்டிகளை மேடையின் முன்விளிம்புக்கும் முன்னால் தள்ளி வையுங்கள். பெட்டிக்கு முன்னால் அவர் வந்தால் ஊளையிடும். மேடையில் பிளாஸ்டிக் கதிரையும் வேண்டாம், பதிந்த சோபாவும் வேண்டாம். முழங்கால் பழுதானவருக்கு அதிலிருந்து எழும்புவதே வேதனை. கையுள்ள உயரமான மரக் கதிரை ஒன்று போடுங்கள்.

மணல்மேடு

மைதானம் பற்றி. செய்யலாம், ஆனால் 250 பேரோடு ஏலாது. 40 பேரை முன்கூட்டியே பெயர் பதிந்து, பெற்றோர் கையொப்பம் வாங்குங்கள். மிச்சப் பேர் சுற்றி நின்று பார்க்கட்டும். மண்டப நிகழ்ச்சி இழுபட்டால் வெளிச்சம் போய்விடும் என்பதால் மறுநாள் ஞாயிறு காலை ஆறரைக்கு வைப்பது நல்லது. பூசைக்குப் போகும் பிள்ளைகளின் நேரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மைதான அனுமதியை எழுத்தில் எடுங்கள்.

எட்டுப் பேர் வீதம் ஐந்து குழு. குழுவுக்கு ஒரு பந்து, மேலதிகமாக ஒன்று, மொத்தம் ஆறு. 15 வயதுக்கு மேல் என்பதால் 5ஆம் அளவுப் பந்து. நீளம் 28–30 சென்ரிமீற்றர், நிறை 410–460 கிராம். காற்று 9.5–10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இங்கே கடைகளில் தேடாமல், வரும்போது பந்தும் பம்பும் கொண்டுவர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 10 மீற்றர் சதுரம், மூலைக்கு ஒரு கூம்பு. இறங்க முன் ஒருவர் சதுரம் சதுரமாக நடந்து கல், போத்தல் ஓடு, முள் பொறுக்க வேண்டும்.

மோதிப் பிடித்து விழுத்துவது அறவே கூடாது, ஸ்க்ரமும் கூடாது. பழக்கமில்லாத கழுத்தில் ஸ்க்ரம் சரிந்தால் என்ன ஆகும் என்று வருகிறவருக்கே நன்றாகத் தெரியும். இரண்டு கையாலும் இடுப்பில் தொட்டால் பிடிபட்டதாகக் கணக்கு. இந்த ஆட்டம் போதும்.

முதல் பதினைந்து நிமிடம் பந்து கொடுக்கப் பழக்குவது. கிரிக்கெட் பழகிய பிள்ளை ஒரு கையால் தலைக்கு மேலாக முன்னுக்கு எறியும், றக்பியில் அது பிழை. பந்தை இரண்டு கை விரல்களாலும் பிடித்து, இடுப்புப் பக்கத்திலிருந்து வீசி, பக்கத்தில் ஓர் அடி பின்னால் ஓடி வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் உள்ளங்கைகளைப் பந்து வரும் பக்கம் திருப்பி, நெஞ்சு உயரத்தில் கையை முன்கூட்டியே நீட்ட வேண்டும். கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தால் பந்தின் கூர் முனை பெருவிரலில் இடிக்கும். முதல் நாளில் வரும் காயம் அநேகமாக அதுதான், ஐஸ் பெட்டி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். தலையில் அடிபட்டால், சின்ன அடியானாலும், அந்தப் பிள்ளை அன்று திரும்ப இறங்கக் கூடாது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுப்பது றக்பியில் கண்டிப்பான வழக்கம், உங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களும் பழகிக்கொண்டால் நல்லது.

பந்தைப் பின்னால் கொடுத்துக்கொண்டே அணி முழுவதும் முன்னால் போவதைப் பிள்ளைகள் அந்தச் சதுரத்துக்குள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். அதைக் கண்ட பிறகுதான் முதல் நாள் கேட்ட பேச்சு அவர்களுக்கு உறைக்கும். அதனால் பேச்சு முதல், மைதானம் பிறகு என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

இரு மொழி

நினைவுப் பரிசுக்குக் கேடயம் வேண்டாம், அவர் வீட்டில் வைக்க இடம் இருக்காது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் கொடுங்கள். ஆனால் இடுப்புச் சுற்றளவைக் கேட்டு ஒரு மாதம் முன்னரே நெசவுகாரரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்க்ரமின் முன்வரிசையில் ஆடிய உடம்பு பெருத்தவர் என்றால் கடையில் தொங்கும் சாரம் சுற்றிச் செருகப் போதாது.